பத்தொன்பது நாலு

பிரிஜாவின் பட்டியலில் காலிக் கட்டம் இருந்ததே இல்லை. அதுதான் அவள் பெருமையாக இருந்தது, பிறகு அதுவே அவளைத் தலைகுனிய வைத்தது.

மாலை வகுப்பு பி.காம். இரண்டாம் ஆண்டில், வகுப்புத் தலைவரான அவளையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். கொரோனாவின் இரண்டாவது அலையில் கல்லூரியை மூடியபோது, பிள்ளைகள் மனசு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று துறைத்தலைவர் முருகதாஸ் சார் ஓர் ஏற்பாடு செய்தார். வகுப்புத் தலைவர் தினமும் எல்லோரையும் போனில் அழைத்து ஐந்து கேள்வி கேட்க வேண்டும். உறங்கினாயா, சாப்பிட்டாயா, வீட்டில் யாருக்கும் காய்ச்சல் உண்டா, படிக்க முடிகிறதா, யாரிடமாவது பேசினாயா. பதிலை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். ஐந்து என்றால் நன்றாக இருக்கிறான், ஒன்று என்றால் மோசம். மாலை ஆறு மணிக்குள் எண்கள் எல்லாம் பட்டியலில் ஏறிவிட வேண்டும். இதற்கு நலப் பட்டியல் என்று பெயர்.

பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு உண்டு. இரண்டோ அதற்குக் கீழோ வந்தாலும், தொடர்ந்து மூன்று நாள் கட்டம் காலியாக இருந்தாலும், மனநல ஆலோசகர் சுபிதா டீச்சர் அந்த மாணவனை நேரடியாகத் தொடர்புகொள்வார். போனில் கிடைக்காவிட்டால் ஊரில் ஆளை அனுப்பி விசாரிப்பார். இந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொடுத்ததே பிரிஜாதான். வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பகல் வேலை பார்த்தவள் அவள். நாலு பக்கமும் தட்டி ஓரம் சேர்க்காமல் ஒரு தாளைக்கூட யார் கையிலும் கொடுத்தது கிடையாது.

மற்ற வகுப்புகளின் பட்டியல் ஓட்டை ஓட்டையாக வந்துகொண்டிருந்தபோது பிரிஜாவின் பட்டியல் ஐந்து ஐம்பதுக்கே நிறைந்துவிடும். "பிரிஜா கொடுக்கிற மாதிரி கொடுங்க" என்று சார் எல்லா வகுப்புத் தலைவர்களும் இருந்த குழுவில் ஒருநாள் செய்தி போட்டார். அவள் அதை ஏழெட்டுத் தடவை எடுத்து வாசித்திருப்பாள்.

ஸ்டெனி குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். பகலில் ஐஸ் பிளான்டில் வேலை, மாலையில் வகுப்பு. ஏப்ரல் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு லேசாக வந்து போயிற்று. அவனுடைய அப்பா சூசைக்கு மூச்சுத் திணறல் கண்டு பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். அவர்கள் தெருவை இரண்டு முனையிலும் கம்பு கட்டி அடைத்துவிட்டார்கள். இதெல்லாம் பிரிஜாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஆரம்பத்தில் அவனிடம் மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினாள்.

மே பத்தொன்பதாம் தேதி அவனை அழைத்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. அன்றைக்கு மழையில் கரன்ட் போய், ஆட்கள் லைனில் கிடைக்காமல், வேலை பிந்திவிட்டது.

"ஸ்டெனி, உறங்கினியா?"

"எங்க உறங்க? நாலஞ்சு நாளாச்சு. கண்ண அடச்சா அப்பாக்க இருமல்தான் கேக்குது. நாந்தானே பிளான்ட்ல இருந்து சீக்கக் கொண்டாந்து குடுத்தேன்."

"சாப்பிட்டியா?"

"ம்."

"செரி, எத்தனைன்னு போட? மூணா, நாலா? வேகம் சொல்லுலே, மணி ஆறாவப் போவுது."

மறுமுனையில் மழை மட்டும் கேட்டது.

"நாலு போடு," என்றான் ஸ்டெனி. "ஒனக்கு அதுதானே சுளுவு."

அவள் நாலு போட்டாள். அவன் கடைசியாகச் சொன்னது கொஞ்சம் உறுத்தியது. இன்னும் மூன்று பேர் பாக்கி இருந்ததால் அதை யோசிக்க நேரமில்லை.

மறுநாள் அவன் போனை எடுக்கவில்லை. அந்தக் கட்டத்தை அவள் காலியாகத்தான் விட்டாள். ஆறு பத்துக்கு சாரிடமிருந்து செய்தி வந்தது. "என்ன பிரிஜா, ஒரு கட்டம் விட்டுப்போச்சே?" அதில் கோபம் ஒன்றும் இல்லை. சிரிக்கிற பொம்மைகூட ஒன்று போட்டிருந்தார். ஆனாலும் பிரிஜாவுக்கு முகம் சுட்டது. நேற்று நாலு சொன்னவன் இன்றைக்கும் நாலாகத்தானே இருப்பான் என்று நினைத்து நாலு போட்டாள்.

அதற்கடுத்த இரண்டு நாளும் அழைத்தாள், எடுக்கவில்லை, நாலு போட்டாள். நான்காம் நாள், எடுக்க மாட்டான் என்று தெரிந்தும் எதற்கு அழைக்க வேண்டும் என்று தோன்றியது. என்மேல் கோபமாக இருக்கிறான், தானே சரியாவான் என்று சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து ஸ்டெனியின் கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினாள். அழைக்க வேண்டாத கட்டம் ஆயிற்றே, ஒரு வேலை முடிந்த மாதிரி.

ஜூன் எட்டாம் தேதி ஆன்லைனில் பருவத்தேர்வு தொடங்கியது. ஏழாம் தேதியோடு பட்டியல் முடிந்தது. ஸ்டெனி ஒரு பரீட்சைகூட எழுதவில்லை. கடற்கரைப் பக்கம் சிக்னல் கிடைத்திருக்காது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் கல்லூரி திறந்து இரண்டாவது வாரம். வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சார் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து பிரிஜாவிடம் சொன்னார்.

துறை அறையில் ஸ்டெனி நின்றிருந்தான். அவனை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சட்டை உடம்பில் ஒட்டாமல் தொங்கியது, தாடி வளர்ந்திருந்தது. பக்கத்தில் அவன் அம்மா ரீத்தா. மீன் விற்றுவிட்டு நேரே வந்திருப்பாள் போல, சேலையின் கீழ்க்கரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. நாற்காலி போட்டிருந்தும் அவள் உட்காரவில்லை.

"சாரே, பிள்ள ரெண்டரை மாசம் செவர பாத்துக் கெடந்தான்," ரீத்தா சொல்லிக்கொண்டிருந்தாள். "சோறு வச்சா வச்சபடி இருக்கும். குளிக்கல்ல, ஒருத்தர்ட்டயும் மிண்டல்ல. வலை போட்டிருக்க அறைக்குள்ள போய்க் கதவ அடச்சவன்தான். நாங்க என்னத்தக் கண்டோம்? சீக்குக்க களைப்புன்னு நெனச்சோம். பொறவு ஆகஸ்டுல டாக்டர்ட்ட கொண்டு போன பொறவுதான் மனசுக்கச் சீக்குன்னு சொன்னாவ. இப்ப குளிகை தின்னு கொள்ளாம், சோறு திங்கான். பரீட்சைய மட்டும் எழுத விடுங்க."

"அக்கா, உக்காருங்க மொதல்ல," என்றார் சார். "உடம்பு சரியில்லாம எழுதாதவங்களுக்கு அக்டோபர்ல தனித்தேர்வு இருக்கு. ஆனா டாக்டர் சீட்டுல ஆகஸ்டு தேதிதான் இருக்கு. ஜூன்ல இவன் மோசமா இருந்தான்னு காட்ட ஏதாவது வேணுமே. அதுக்குத்தான் நம்ம நலப் பட்டியல எடுத்துப் பார்த்தேன்."

மேசையில் ஸ்பைரல் போட்ட கனத்த புத்தகம் கிடந்தது. அதைக் கட்டியதும் பிரிஜாதான். கல்லூரியைப் பார்வையிட வந்த குழுவிடம் அதைக் காட்டியபோது நல்ல பெயர் கிடைத்திருந்தது. சார் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"பரீட்சைக்கு முன்னால இருபது நாளு. நாலு, நாலு, நாலு. பையன் நல்லாத்தானே இருந்திருக்கான்? இத வச்சுக்கிட்டு நான் எப்படிச் சிபாரிசு பண்ண? பிரிஜா, நீதானே கேட்டு எழுதினது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை சார் என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல் வாய்வரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

அதற்குள் ஸ்டெனி பேசிவிட்டான். "நாந்தான் சார் நாலு போடச் சொன்னேன்."

"நீயே சொன்னியா? உள்ளதச் சொல்லியிருக்கலாமேடே."

"சொல்லத் தோணல்ல சார்."

பிரிஜா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சார் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். தனித்தேர்வுக்குச் சிபாரிசு செய்ய வழியில்லை, ஸ்டெனி அடுத்த வருடம் இந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டிவரும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

வராந்தாவில் ரீத்தா பின்னாலேயே வந்து பிரிஜாவின் கையைப் பிடித்தாள். உப்பும் ஈரமும் ஊறிய சொரசொரப்பான கை.

"மக்களே, நீதான பிரிஜா? சோறு வைக்கப் போனப்ப போன்ல ஒனக்க பேரு அடிச்சத நான் கண்டேன் கேட்டியா. எடுக்கப் பயந்தேன். காலேஜ்ல இருந்து வல்லதும் சொல்லித் திட்டுவாவளோன்னு. நீயாவது எனக்க பிள்ளய விளிச்சுக் கேட்டியே. வேற ஒருத்தரும் விளிக்கல்ல. நீ நல்லா இருக்கணும்."

ஸ்டெனி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. "வா அம்மா, பஸ் போயிரும்," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பிரிஜா தன் நீள நோட்டை எடுத்தாள். பட்டியலில் ஏற்றுவதற்கு முன், தான் அழைத்தவரின் பெயருக்கு நேரே நோட்டில் ஒரு சரிக்குறி போடுவது அவள் வழக்கம். ஸ்டெனியின் வரியில் மே இருபத்திரண்டோடு குறி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பதினாறு நாள் வெறும் தாள். பொய் எழுதியவள் அதற்கான சாட்சியையும் அத்தனை ஒழுங்காகப் பாதுகாத்திருக்கிறாள். தேடத் தேட இன்னும் அகப்பட்டது. ஜிஷாவுக்கு ஆறு நாள். லிபினுக்கு இரண்டு நாள்.

கடிதம் எழுத உட்கார்ந்தாள். முதல் கடிதத்தில் மழையும் கரன்ட் போனதும் வந்துவிட்டன. கிழித்தாள். இரண்டாவதில் சாருடைய செய்தியைக் குறிப்பிட்டிருந்தாள். அவர்மேல் பழி போடுகிற மாதிரி இருந்தது, அதையும் கிழித்தாள். மூன்றாவது முழுக்க மன்னிப்பு. வாசித்துப் பார்த்தபோது, எவ்வளவு நல்ல பெண் என்று வாசிப்பவர் நினைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதிய மாதிரி இருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. உண்மையைச் சொல்வதிலும் முதல் மதிப்பெண் வாங்கப் பார்க்கிறேனா?

நான்காவதில் தேதிகள் மட்டும் எழுதினாள். மே 20, 21, 22: அழைத்தேன், எடுக்கவில்லை. மே 23 முதல் ஜூன் 7 வரை: அழைக்கவில்லை. பத்தொன்பது நாளும் எண் நானாகப் போட்டது. காலியாக விட்டிருந்தால் மே 22ஆம் தேதியே சுபிதா டீச்சருக்குத் தெரிந்திருக்கும். கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மாலை சார் அதை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார்.

"அவனே நாலு போடச் சொன்னேன்னானே?"

"பத்தொன்பதாம் தேதிக்கு மட்டும் சார். அன்னைக்கும் நான் அவசரப்படுத்தினதாலதான் சொன்னான்."

"நேத்து ஏன் பேசாம நின்ன?"

"பயம் சார்."

"இதுவும் பயந்துதானே எழுதியிருக்க?"

"இது வேற பயம் சார்."

சார் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். அதைத் திருப்பித் தரவும் முடியாமல் பெட்டிக்குள் போடவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இது மேல போனா புத்தகம் முழுக்கச் சந்தேகம் வரும் பிரிஜா. இத நாம எங்கெல்லாம் காட்டியிருக்கோம் தெரியும்லா? ஒரு பொண்ணு செஞ்ச தப்புக்கு மத்த வகுப்புக்காரங்க பாடுபட்டதும் பொய்யாப் போயிரும். ஸ்டெனிக்கு வேற ஏதாவது வழி பாப்போமே. வீட்டுல எழுதித் தந்த மாதிரி…"

"அவன் மட்டும் இல்ல சார். ஜிஷாவுக்கு ஆறு நாளு. லிபினுக்கு ரெண்டு நாளு." அவள் நீள நோட்டை மேசைமேல் வைத்தாள்.

சார் அதைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மைதானத்தைப் பார்த்தார். அங்கே யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கட்டம் விட்டுப்போச்சேன்னு நான் ஒரு நாளு கேட்டேன்ல?" என்றார்.

பிரிஜா நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கேட்டேன். அத நீ இதுல எழுதல்ல."

"போட்டது நான் சார்."

அவர் கடிதத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைப் பக்கம் நடந்தார். அவளைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவள் வெகுநேரம் நின்றாள்.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. ஸ்டெனியின் பெயரைத் தனித்தேர்வுக்கு அனுப்புகிறார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு திருத்தத் தாள் ஒட்டப்படும். பிரிஜா இனி வகுப்புத் தலைவர் இல்லை. கடைசி முடிவை வகுப்பில் வைத்தே சார் அறிவித்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை. "என்னட்டி செஞ்ச?" என்று பின் பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஸ்டெனி தனியாக வந்திருந்தான். சார் அவனிடம் கடிதத்தைக் காட்டியிருக்க வேண்டும். இடைவேளையில் வராந்தாவில் தூணோரமாக நின்றுகொண்டிருந்தவன், அவள் வருவதைப் பார்த்ததும் போய்விடவில்லை. அவளாகத்தான் போய் எதிரில் நின்றாள்.

"ஸ்டெனி, நான்…"

"வாசிச்சேன்."

"நான் விளிச்சிருந்தா…"

"விளிச்சாலும் எடுத்திருக்க மாட்டேன்," என்றான். அதைக் கேட்டு அவளுக்கு ஒரு நொடி மூச்சு இளகியது. அவன் முடிக்கவில்லை. "ஆனா போன் அடிக்கும்லா, அது கேட்டுட்டுக் கெடப்பேன். மூணு நாளு அடிச்சுது. சாயங்காலம் ஆனா, இந்தா இப்ப அடிக்கும்னு இருக்கும். அந்த நேரம் மட்டும் கொஞ்சம் முழிச்சுக் கெடந்தேன். நாலாம் நாளு அடிக்கல்ல. சார்ஜ் போச்சோன்னு எடுத்துப் பாத்தேன். சார்ஜ் இருந்துது."



"அதுக்குப் பொறவு போன பாக்கல்ல," என்றான் ஸ்டெனி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

"அன்னைக்கு சார் முன்னால நீ ஏன் எனக்காகச் சொன்ன?"

"ஒனக்காகவா?" அவன் முதன்முறையாகக் கொஞ்சம் சிரித்தான். "அம்மா நின்னா பாத்தியா? யாரோ ஒரு பிள்ள தெனமும் விளிச்சுக் கேட்டுதுன்னு நெனச்சிட்டிருக்கா. வீட்டுல, தெருவுல எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. அது இல்லன்னு ஆவாண்டாம்னு பாத்தேன்."

"நான் அம்மாட்ட வந்து சொல்லுகேன்."

"வராண்டாம்." பட்டென்று சொன்னான். "நீ சொல்லிட்டுப் பாரம் எறக்கிட்டுப் போயிருவ. அவ அதக் கேட்டுட்டு இருக்கணும். நான் நேரம் பாத்துச் சொல்லுகேன். சொல்லாமலும் இருப்பேன். அது எனக்க காரியம்."

அவளுக்கு அழுகை முட்டியது. அவன் முன்னால் அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றி அடக்கிக்கொண்டாள்.

"சார் சொன்னாரு, வேற ரெண்டு பேருக்கும் சும்மா நம்பர் போட்டியாமே?"

"ஜிஷாவுக்கும் லிபினுக்கும்."

"அவங்கட்ட சொன்னியா?"

"இல்ல."

ஸ்டெனி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் படியிறங்கி, வாசலை நோக்கிப் போனான். முன்பு மாதிரி வேக நடை இல்லை. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிற மாதிரி இருந்தது.

இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஜிஷா மூன்றாவது பெஞ்சில் தனியாக இருந்தாள். தோவாளை பஸ்ஸைப் பிடிக்க சீக்கிரம் போக வேண்டும் என்பதால் எப்போதும் வாசலோரமாகத்தான் உட்காருவாள். அந்த ஆறு நாளும் அவள் எப்படி இருந்தாள் என்று பிரிஜாவுக்குத் தெரியாது. நன்றாகவே இருந்திருக்கலாம். அப்படி நினைக்கத் தொடங்கிய உடனே அந்த நினைப்பைத் தடுத்தாள். பதினாறு நாள் ஸ்டெனியைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"ஜிஷா, ஒரு காரியம் சொல்லணும்."

"என்னட்டி, பதவி போனதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிட்டிருக்க?" என்றாள் ஜிஷா சிரித்தபடி. பிரிஜாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

பிரிஜா உட்கார்ந்தாள். "மே மாசம் இருபத்தாறாம் தேதி," என்று தொடங்கினாள், "நான் ஒன்ன விளிக்கல்ல."